யார் முதலில் கை தூக்குவது?

எங்கள் ஊரில் ஒருவரிடம் சம்மதம் வாங்குவது சுலபம். வாங்கிய சம்மதத்தை நாலு பேர் முன்னால் கையைத் தூக்கிக் காட்டச் சொல்வதுதான் பெரும்பாடு. ஊராட்சித் தலைவியாக இருந்த காலத்தில் நான் கற்றுக்கொண்டது என்ன என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். இப்படிச் சொன்னால் என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஊர் பரளச்சிப் பக்கம். மழை பெய்தால் கொத்தமல்லியும் கம்பும் குதிரைவாலியும் விளையும். பெய்யாவிட்டால் சீமைக்கருவேல் விளையும். அருப்புக்கோட்டை பஸ் வந்து திரும்புகிற இடத்தில் என் வீட்டுக்காரரின் மளிகைக் கடை இருக்கிறது. தலைவர் பதவி அந்தத் தடவை பெண்களுக்கு என்று அறிவித்ததும் ஊரார் கடைக்கு வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வீட்டம்மாவை நிறுத்துங்கள், மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் ஜெயித்த பிறகு அவர்களே மாலையோடு வந்தார்கள். மாலை நேராக அவர் கழுத்துக்குப் போனது. துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த மனிதர் தராசை விடாமல் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டு, "கையெழுத்தும் அவதான் போடுவா, கூட்டத்துக்கும் அவதான் வருவா. எனக்குக் கடை இருக்குல்ல," என்று சொல்லிவிட்டார். எவ்வளவு பெருந்தன்மை என்று ஊர் மெச்சியது. பெருந்தன்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. நாலு பேர் சேர்ந்து நின்றால் அவருக்கு வாய் வராது. அந்தப் பயத்தால்தான் நான் நிஜமாகவே தலைவியாக இருக்க முடிந்தது.

எனக்கு வாய் நீளம். கோபம் சீக்கிரம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். இடைப்பட்ட நேரத்தில் எதிரில் நிற்பவர் பாடுதான் பாவம்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் பெண்கள் சுகாதார வளாகம் என்று ஒரு கட்டடம் இருந்தது. எனக்கு முன்னால் இருந்த ஏதோ ஒரு தலைவர் காலத்தில் கட்டியது. ஒரு பக்கம் கழிப்பறை, ஒரு பக்கம் குளிக்கிற அறை, நடுவில் துணி துவைக்கிற கல். மோட்டார் எரிந்துபோனதும் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றதும் ஆள் நடமாட்டம் நின்றது. ஆள் நடமாட்டம் நின்றதும் கதவுகள் ஒவ்வொன்றாகக் கழன்று யார் யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்தன. கடைசியில் ஆடுகள் குட்டி போடுகிற இடமாக அது ஆகிப்போனது. ஊரில் நிறைய வீடுகளில் கக்கூஸ் கட்டியிருந்தார்கள். தண்ணீர் இல்லாததால் பாதி வீட்டில் அதற்குள் விறகும் வெங்காயமும் இருந்தன. பெண்கள் பழையபடி கருவேலங்காட்டுக்குத்தான் போனார்கள். பிறகு காட்டையும் கரிக்காக வெட்டி முடித்தார்கள். வெட்டின இடத்தில் சோலார் தகடுகள் வந்து வெயிலில் மினுங்கின. மறைவு என்று சொல்ல ஒரு முள்செடிகூட மிச்சமில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஊருக்குப் பொதுவான ஒரு வேலைக்கு ஊர்மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசாங்கம் மிச்சப் பங்கைப் போடும். எங்கள் ஊராட்சிச் செயலர் சின்னப் பையன், திருச்சுழியிலிருந்து பைக்கில் வருவார், ஊரில் எல்லாருக்கும் அவர் கிளார்க்குதான். அவர் விதிமுறையைப் படித்துச் சொன்னார். கிராமசபையில் மக்களிடம் கேட்க வேண்டும். பங்கு தரச் சம்மதம் என்று அவர்கள் கை தூக்க வேண்டும். தூக்கியதைப் படம் பிடித்து மேலே அனுப்ப வேண்டும்.

"கை நல்லாத் தெரியணும் மேடம். போன தடவை வேற ஒரு ஊர்ல அனுப்புன படத்துல எல்லாரும் டீ கிளாசத்தான் தூக்கிட்டு இருந்தாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க," என்றார்.

"அடுத்த கூட்டத்துல கேட்டா ஆகாதா?"

"இந்த வருசப் பட்டியலு இந்தக் கூட்டத்தோட முடியுது மேடம். அடுத்த வருசம் திட்டம் இருக்குமான்னு எனக்குத் தெரியல."

ஆகவே அந்தக் கட்டடத்தைச் சீர்படுத்த, காந்தி ஜெயந்தி கிராமசபைக்குள் ஊரை மசிய வைக்க வேண்டும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் ஊர் வரி எப்படி என்று இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. கோவில் பொங்கலோ, கிணறு தூர் வாருவதோ, ஊர்ப் பொதுவில் எது செய்தாலும் தலைக்கட்டு வரிதான். கல்யாணமான ஆண் ஒருவருக்கு ஒரு வரி. புருஷன் இல்லாத பெண் தனியாக இருந்தால் அரை வரி. பாவம், எங்கிருந்து கட்டுவாள் என்கிற இரக்கத்தில் எந்தக் காலத்திலோ வைத்த ஏற்பாடு அது. இரக்கம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் கிடா வெட்டினால் முழு வரிக்கு முழுக் கூறு கறி, அரை வரிக்கு அரைக் கூறு. ஊர்க்கூட்டத்தில் முழு வரிக்காரர்களுக்கு இருக்க இடமும் பேச வாயும் உண்டு. அரை வரிக்காரர்கள் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். யாரும் அவர்களைப் பேசக்கூடாது என்று சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

முதலில் பெரிய வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரரை ஊரே மாமா என்றுதான் கூப்பிடும். கூட்டத்தில் எந்தப் பேச்சுக்கும் அவர் தலையசைத்தால்தான் அடுத்தவர் தலை அசையும். அவர் கொடுமைக்காரர் இல்லை, நல்ல மனிதர்தான். வயதிலும் நிலத்திலும் மூத்தவர் என்பதால் அந்த மரியாதை தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. தைல வாசனையோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "செய்யி தாயி. பொம்பளையாளுக படுற பாடு எனக்குத் தெரியாதா? நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்," என்றார். அவர் சம்சாரம் எனக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். எங்கள் கடையிலேயே வாங்கிய கலர். காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.

அடுத்தது அவருடைய தம்பி மகன் வீடு. டிராக்டர் வைத்திருக்கிறான். எனக்குத் தம்பி மாதிரி.

"எங்க வீட்டுல கக்கூசு இருக்குக்கா. நான் எதுக்கு வரி கட்டணும்?"

"எது, வெங்காயம் கொட்டி வச்சிருக்கியே, அதுவா?"

கதவுக்குப் பின்னால் அவன் பெண்டாட்டி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்து முறைத்தான். சிரிப்பு இன்னும் கூடியது.

"சரிக்கா. பெரியப்பா கை தூக்கட்டும். நானும் தூக்குறேன்."

இதே பதில்தான் எல்லா வீட்டிலும் கிடைத்தது. மச்சினன் தூக்கினால் நான் தூக்குகிறேன், அண்ணன் தூக்கினால் நான் தூக்குகிறேன், பெரிய வீட்டு மாமா தூக்கினால் எல்லாரும் தூக்குவோம். மறுப்பு என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கால் வலிகூடத் தெரியவில்லை. என் வீட்டுக்காரரிடமே கேட்டேன், நீங்களாவது முதலில் தூக்குவீர்களா என்று. "மாமா இருக்கையில நானா? நல்லாவா இருக்கும்," என்றார்.

கடைசியாக, வெளியூரிலிருந்து கட்டை வாங்கி எரித்துக் கரியாக்குகிற கரிமூட்டத்துக்குப் போனேன். அங்கேதான் மதினி வேலை பார்த்தார். ஊரில் எல்லாரும் அவரைக் கரிக்கார மதினி என்பார்கள், சின்னதுகள் கரிக்கார அத்தை என்னும். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூப்பு. புருஷன் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகளை நரிக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். அன்று மூட்டம் பிரித்திருந்தார்கள். வெந்த கரியை இழுத்துப்போட்டு, சலித்து, சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தார். கண்ணும் பல்லும் தவிர மிச்சமெல்லாம் கறுப்பு. நான் வெயிலில் நிற்பதைப் பார்த்ததும் ஒரு காலிச் சாக்கை உதறிப் போட்டார். உதறினதில் என் சேலையும் கறுப்பாகிவிட்டது.

"குளிக்கிற அறைக்குக் கதவு போடப் போறேகளாமே," என்று அவரே ஆரம்பித்தார்.

"ஊர் சம்மதிச்சாப் போட்டுரலாம் மதினி."

அவர் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டே சொன்னார். சாயந்தரம் இந்தக் கரியோடு வீட்டுக்குப் போனால் பின்னால் இரண்டு கம்பில் சேலையைக் கட்டி அதற்குள்தான் குளிக்க வேண்டும். காற்று அடித்தால் சேலை பறக்கும். ஒரு கையில் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் தேய்த்தால் கரி எப்படிப் போகும். சில நாள் குளிக்காமலே படுத்துவிடுவார். சொல்லிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன். பிறகு ஊசியை நிறுத்திவிட்டு, "காடு இருந்த வரைக்கும் ஒண்ணும் தெரியல. இப்ப சோலாரு தகட்டையெல்லாம் தாண்டி அம்புட்டுத் தூரம் போகணும். முட்டியும் வலிக்குது. அதுக்குப் பயந்தே மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்கிறதில்ல," என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

வெந்த கரி பக்கத்தில், அந்த வெயிலில், தண்ணீர் குடிக்காமல் ஒரு ஆள் வேலை செய்கிறார். அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"கூட்டத்துக்கு வாங்க. வந்து கையைத் தூக்குங்க. உங்களுக்குத்தான முதல்ல வேணும்," என்று அவரையே அதட்டினேன்.

"அரை வரிக்காரி கை தூக்கி எந்த ஊருல காரியம் நடந்துச்சு?"

"கிராமசபையில அரை, முழுசு எல்லாம் கிடையாது. ஓட்டு உள்ள எல்லாரும் ஒண்ணு."

"ஓட்டுக்கு ஒண்ணு சரி. இது வரியில்ல?"

"வாங்க, பாத்துக்கிடலாம்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காந்தி ஜெயந்தி வந்தது. ஊராட்சி அலுவலகத்து முன்னால் பந்தல் போட்டிருந்தோம். ஆண்கள் நாற்காலியில், பெண்கள் பின்னால் தார்ப்பாயில். பெரிய வீட்டு மாமா முன்வரிசையில் நடுவில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். டீயும் காராச்சேவும் கொடுத்தாயிற்று. கிளார்க்கு வரவு செலவெல்லாம் மூச்சு விடாமல் வாசித்து முடித்து எங்கள் தீர்மானத்துக்கு வந்தார். நான் எழுந்து நின்று பேசினேன். நன்றாகவே பேசினேன். ஆடு குட்டி போடுவதற்கு ஊர்ப்பணத்தில் கட்டடம் கட்டிக்கொடுத்த ஒரே ஊர் நாம்தான் என்றபோது எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தால் பாதிச் சம்மதம் என்பது என் கணக்கு.

கிளார்க்கு செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க," என்றார்.

ஒரு கைகூட எழவில்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை, காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். கிளார்க்கு இன்னொரு தடவை சொன்னார். எல்லாருடைய கண்ணும் முன்வரிசை நடுவில் இருந்தது. மாமா நேராகப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் ஒருவர் மறதியாகத் தலையைச் சொறியக் கையைத் தூக்கி, பாதியில் பயந்துபோய் இறக்கிக்கொண்டார். மருமகன்கள் மாமனாரைப் பார்த்தார்கள். தம்பிகள் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன்கள் மாமாவைப் பார்த்தார்கள். வீடு வீடாக எனக்குச் சம்மதம் சொன்ன அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள், அத்தனை கைகளும் மடியில் இருந்தன.

எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. கலர் உடைத்துக் கொடுத்துவிட்டு ஆளை ஏமாற்றுவதா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, சிரித்த முகமாக, அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"மாமா, கை."

அவர் உதடு அசையாமல் பேசினார். "தாயி, தோளு பிடிச்சிருக்கு. தூக்க வரல."

"அப்ப இடது கையத் தூக்குங்க மாமா."

"நல்ல காரியத்துக்கு இடது கையா?"

"வாயால சொல்லிருங்க. தோளு வலின்னு சொல்லிருங்க."

"கோயில் பொங்கலுக்கு முதல் பானை தூக்கி இறக்குறது நான் தாயி. தோளு போச்சுன்னு தெரிஞ்சா இந்த வருசமே அடுத்தவன்கிட்ட குடுத்துருவாய்ங்க."

சிரிப்பதா, பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரை அவர் தலையில் கவிழ்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. மனிதருக்குச் சம்மதம் இருக்கிறது. அதைச் சொல்லக் கை இல்லை. இருக்கிற இன்னொரு கை லாயக்கில்லை. வாயைத் திறந்தால் பானை போய்விடும். ஊருக்கு இது எதுவும் தெரியாது. நாங்கள் குசுகுசுவென்று பேசுவதைப் பார்த்து அவர் மறுக்கிறார் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். டிராக்டர் தம்பி எழுந்து, "பெரியப்பாவுக்கு இஷ்டமில்ல போலக்கா. விடுங்க, அடுத்த கூட்டத்துல பாத்துக்கிடலாம்," என்றான். கிளார்க்கு பேனாவை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். ஒத்திவைப்பு என்று எழுதினால் அந்தக் கட்டடத்தை ஆடுகளுக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிடலாம்.

அப்போது பின்னால் தார்ப்பாயில் ஒரு கை எழுந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவியும் ரேகைகளில் கரி போகாத கை. மதினி எழுந்து நின்றுகொண்டு கையை நெட்டுக்குத்தலாகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

பந்தலே திரும்பிப் பார்த்தது. அவருக்கு அந்தக் கூட்டத்தில் மாமனார் இல்லை, அண்ணன் இல்லை, பார்த்துவிட்டுத் தூக்க வேண்டிய ஆள் என்று யாருமே இல்லை. இது எனக்கு அதுவரை தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

"அத்தே, நீங்க கொஞ்சம் பொறுங்க," என்றான் டிராக்டர் தம்பி. மரியாதையாகத்தான் சொன்னான். "நீங்க அரை வரி. முழு வரி கட்டுறவுக மொதல்ல சொல்லட்டும்."

"அரை வரிக்கு அரைக் கதவுதான் வைப்பீகளா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. அரைக் கதவுக்கு மேலே தலை தெரிகிற மாதிரி யாரோ எட்டிப் பார்த்துக் காட்டினார்கள். ஆண்களில் சிலர் குனிந்து சிரித்தார்கள். மதினி கையை இறக்கவில்லை.

"எனக்கு முழு வரி போடுங்க. நான் கட்டுறேன்."

வயதான ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், "ஆம்பள இல்லாத வீட்டுல முழு வரி வாங்குனா ஊருக்குப் பாவம் வந்து சேரும்மா," என்றார்.

"பாவம் பாத்த வரைக்கும் போதும்ணே. பாவம் பாவம்னே கறியும் பாதி, பேச்சும் பாதியாப் போச்சு. நான் சாக்கு தூக்குறப்ப பாதிச் சாக்கா தூக்குறேன்? முழுச் சாக்குதான தூக்குறேன்."

தார்ப்பாயில் இன்னொரு கை எழுந்தது. அவரும் அரை வரிக்காரர், பஸ் நிற்கிற இடத்தில் இட்லி விற்பவர். "எனக்கும் முழுசாப் போடுங்க," என்றார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் புருஷன் இருக்கிற பெண்கள். நம்மைக் காட்டிலும் அவர்கள் துணிந்துவிட்டார்களே என்கிற ரோஷத்தில் இரண்டு கையையும் தூக்கியவர்களும் உண்டு. டிராக்டர் தம்பியின் பெண்டாட்டி தூக்கின கையோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்துவிட்டு, யாரும் சொல்லாமலே, மெதுவாக ஒரு கையை உயர்த்தினான். ஆனால் ஆண்களில் முதல் கை அவனுடையது அல்ல. பந்தலுக்கு வெளியே காராச்சேவுப் பொட்டலங்களோடு நின்ற என் வீட்டுக்காரர், பொட்டலத்தோடு கையைத் தூக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அப்படியும் முன்வரிசை தயங்கியது. மாமா இன்னும் அசையவில்லை. அப்போது பெண்கள் நடுவிலிருந்து அவருடைய சம்சாரம் எழுந்தார்கள். கூட்டத்தில் அவர்கள் பேசி நான் கேட்டதே இல்லை.

"அவுகளுக்கு ஆவணியில இருந்து தோளு பிடிச்சுக் கெடக்கு. நாந்தேன் தெனமும் தைலம் தேச்சு விடுறேன். கையத் தூக்கு கையத் தூக்குன்னு ஏன் அவுகளப் பாடாப் படுத்துறீக? அவுகளுக்குச் சம்மதந்தேன். எழுதிக்கோங்க."

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வைத்திருந்த ரகசியத்தை வீட்டுக்காரியே பந்தலில் போட்டு உடைத்துவிட்டாள். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏலே, பானைய இந்த வருசம் நீ தூக்குல," என்றார் தம்பி மகனிடம். அப்புறம் வலது கையை வயிற்றுக்கு நேராக, அது போகிற அளவுக்கு உயர்த்திக் காட்டினார். பந்தல் முழுக்கக் கைகள் எழுந்துவிட்டன. கிளார்க்கு நாற்காலி மேல் ஏறி நின்று படம் எடுத்தார். அந்தப் படம் இன்னும் என் செல்போனில் இருக்கிறது. யார் கையிலும் டீ கிளாஸ் இல்லை. ஒரே ஒரு காராச்சேவுப் பொட்டலம் மட்டும் தெரிகிறது, அதைப் பற்றி மேலிடத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கட்டடத்தைச் சீர்படுத்திய கதை நீளமானது. போர்வெல் போட்டதும், மோட்டாருக்குக் கரண்டு வாங்க அருப்புக்கோட்டைக்கும் ஊருக்கும் நான் அலைந்ததும், முதலில் வந்த கதவுகள் குட்டையாக இருக்கின்றன என்று லோடு ஆட்டோவை அப்படியே திருப்பி அனுப்பியதும் தனியாகச் சொல்ல வேண்டியவை. இன்று அந்த வளாகம் நன்றாகவே நடக்கிறது. சாயந்தரம் மூட்டத்து வேலை முடிந்து வருகிற பெண்களுக்குத்தான் குளிக்க முதல் இடம் என்று பெண்களே பேசி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது வரி வசூலித்த நாள்தான். கூட்டம் முடிந்த சில நாளில் கோவில் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஊர் வரிக்கு என்று ஒருவர் இருக்கிறார். தலைக்கட்டு வரிசைப்படி சத்தமாகப் பெயரைக் கூப்பிடுவார், கூப்பிட்டவர் வந்து கட்டுவார். அது அவருடைய அப்பா காலத்திலிருந்து வருகிற வரிசை. முழு வரியெல்லாம் முடிந்து கடைசிக்கு வந்தார். ஒரு ஆணின் பெயரைச் சொல்லி, அவர் வீடு என்றார். மதினியின் புருஷன் பெயர் அது.

மதினி படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. வரி வாங்குகிறவர் மறுபடியும் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த இட்லிக்கார அம்மா அவர் தோளைத் தட்டி, "ஒன்னயத்தான் கூப்பிடுறாக," என்றார்.

"அவரு செத்து எம்புட்டு வருசமாச்சு. அவரா வந்து குளிக்கப் போறாரு?" என்றார் மதினி. "நான் கட்டுறேன். எம்பேரு போடுங்க."

எல்லாரும் சிரித்தோம். வரி வாங்குகிறவரும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரை அடித்துவிட்டுப் பேனாவை வைத்தார். அப்புறம் எழுதாமல் இருந்தார். அவரும் மதினியும் ஒரே தெரு. மதினி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற முகம். தலையை நிமிர்த்தி, கொஞ்சம் கூச்சத்தோடு, "தாயி, ஒம்பேரு என்ன?" என்று கேட்டார்.

கோவில் முன்னால் சிரிப்பு நின்றுவிட்டது. நான் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். கரிக்கார மதினி, கரிக்கார அத்தை, இன்னார் வீடு. வாக்காளர் பட்டியலில் எங்கேயோ அச்சாகிக் கிடந்திருக்கும். ஊருக்குத் தலைவியாக இருந்தும், மதினி மதினி என்று வாய் வலிக்கக் கூப்பிட்டும், எனக்கும் அவர் பெயர் தெரியாது. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாகவும் இருந்தது, அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மதினி தன் பெயரைச் சொன்னார். வெகுநாளாக எடுக்காத நகையை எடுத்த மாதிரி கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார். வரி வாங்குகிறவர் எழுதிக்கொண்டார். பிறகு, வழக்கம் வழக்கம்தானே, மறுபடி முறைப்படி கூப்பிட வேண்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் அந்தப் பெயரைக் கூப்பிட்டு, "முழு வரி ஒண்ணு," என்றார்.

மதினி எழுந்து வந்து கட்டினார்.